பழைய சேலைகள் அனுப்பியிருக்கிறேன்

பழையபேட்டை,
கிருஷ்ணகிரி.

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். போனில் பேசலாம் என்றால் உன் சின்னவன் பிடுங்கிக் காதில் வைத்துக்கொள்கிறான், பெரியவள் வீடியோவில் மூக்கை மட்டும் காட்டுகிறாள். ஒரு விஷயத்தை நாம் முழுசாகப் பேசி முடிப்பது என்பதே இல்லாமல் போய்விட்டது. ராத்திரி இரண்டும் தூங்கின பிறகு இதைப் படி.

போன வாரம் நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. பூனா வந்து இத்தனை நாளாகியும் பேச ஆள் இல்லை, பார்க்கில் பார்க்கிற அம்மாக்கள் பிள்ளைக்கு என்ன வயசு, எந்த ஸ்கூல் என்று கேட்பார்கள், அத்தோடு சரி என்றாய். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னாய். கீழ்வீட்டு மராத்திப் பாட்டி மத்தியான நேரத்தில் வாசலில் பாய் போட்டு, பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துக் கோதடி என்கிற தடித்த போர்வை தைக்கிறார், உன் பெரியவள் அங்கேயே போய் நிற்கிறாள், அவருக்குத் தொந்தரவாக இருக்குமே என்று இழுத்து வந்துவிடுகிறேன் என்றாய். இழுத்து வராதே. நீயும் போய் அந்தப் பாயில் உட்கார். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எதிர்வீட்டுப் பெத்தம்மாவை உனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அவளும் நானும் எப்படிச் சேர்ந்தோம் என்பதை நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. நான் பாலக்கோட்டுப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்தவள். அவள் ஆந்திராவில் இருக்கிற குப்பம் என்ற ஊரிலிருந்து வந்தவள். குப்பம் ஒன்றும் தூரமில்லை, ஆனால் அவள் வீட்டில் தெலுங்கைத் தவிர வேறு பேச்சு இல்லை. இந்த ஊரில் தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் கலந்து பேசுவார்கள், காய்காரர் நாலு பாஷையில் விலை சொல்வார். எங்கள் வீட்டில் தமிழ் மட்டும்தான், எனக்கு எதுவும் புரியாது. அவளும் நானும் தெருவில் பார்த்தால் சிரிப்போம். அதுக்கு மேலே போக வழியில்லை.

அவள் சாயங்காலம் ஆனால் திண்ணையில் உட்கார்ந்து ஒயர் கூடை போடுவாள். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் வாசலில் நின்று பார்ப்பேன். வெட்டி மிச்சமான துண்டு ஒயரை உன் பக்கம் தூக்கிப் போடுவாள், நீ இறங்கி ஓடுவாய், உன்னைப் பிடிக்க நான் ஓடுவேன். அப்படியே அந்தத் திண்ணையில் உட்கார்ந்தவள்தான்.

முடிச்சு எப்படிப் போடுவது என்று அவளால் எனக்கு வாயால் சொல்ல முடியாது. என் விரலைப் பிடித்துக் காட்டினாள். இரண்டு ஒயரை மடித்து ஒன்றுக்குள் ஒன்று விட்டால் நாலு முனை வெளியே வரும். அந்த நாலையும் ஒரே அளவாக இழுக்க வேண்டும். ஒரு முனையை மட்டும் இழுத்தால் முடிச்சு சரிந்துவிடும், நாலும் சரியாக இழுபட்டால் சதுரமாக உட்காரும். அப்படி அடிப்பாகம் முழுக்கப் போட்டு, அப்புறம் பக்கச்சுவர் ஏற்றி, கடைசியில் மிஞ்சுகிற நுனியை எல்லாம் உள்பக்க முடிச்சுக்குள் செருகி மறைக்க வேண்டும். புது ஒயர் வழுக்கும். ஆட்காட்டி விரலின் ஓரம் சிவந்து காய்த்துப் போகும். முதலில் இந்தச் சாதா முடிச்சு, பிறகு சிவன் கண், அதற்கப்புறம்தான் நெல்லிக்காய். நெல்லிக்காய்க் கூடைக்கு ஒயர் நிறைய பிடிக்கும், பொறுமை அதைவிட அதிகம் பிடிக்கும்.

கையில் வேலை இருந்தால் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை, கவனித்திருக்கிறாயா? கண் முடிச்சில் இருக்கும், வாய் தானாகத் திறக்கும். பேசாமல் இருந்தாலும் குற்றமில்லை. பார்க்கில் உன்னைக் கேள்வி கேட்கிற அந்த அம்மாக்கள் கெட்டவர்கள் இல்லை. கையும் கண்ணும் சும்மா இருக்கும்போது கேள்விதான் வரும், என்ன செய்வார்கள்?

நீ பிறப்பதற்கு முன்னால் பெத்தம்மாவுக்கு ஒரு பிள்ளை வயிற்றிலேயே போனது. அதை அவள் என்னிடம் சொன்னது திண்ணையில்தான், பாதி தெலுங்கு, பாதித் தமிழ். அவள் கை நிற்கவில்லை. சொல்லி முடித்தாள், கையிலிருந்த ஒயரை ஒரு இழுப்பு இழுத்தாள், என் மடியைப் பார்த்து "இக்கட லூசு விட்டுட்ட பாரு" என்றாள். அவிழ்த்துத் திரும்பப் போட்டேன். வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் இரண்டு பேருமே தாங்கியிருக்க மாட்டோம்.

பிறகுதான் குழு வந்தது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு 1989-ல் முதலில் தொடங்கியதே தருமபுரி மாவட்டத்தில்தான். அப்போது நம் கிருஷ்ணகிரியும் அதே மாவட்டம், 2004-ல்தானே பிரித்தார்கள். நம் தெருவுக்குக் குழு வரக் கொஞ்ச காலம் ஆயிற்று. சேமிப்பு, கடன், நோட்டு, கையெழுத்து எல்லாம் கற்றுக்கொண்டோம். மொத்தமாக ஒயர் வாங்கிக் கூடை போட்டு மாங்கனிக் கண்காட்சியில் கடை விரித்தோம், நீ பெங்களூரா மாங்காயில் மிளகாய்த்தூள் தொட்டுத் தின்று வயிற்றுவலியோடு கூடைகளுக்கு நடுவில் படுத்திருந்தாயே, அந்தக் கடைதான். நல்லதுதான், காசு வந்தது, உன் ஸ்கூல் பீஸுக்கும் உதவியது. ஆனால் ஆர்டர் என்று வந்ததும் யார் கூடை எத்தனை, யார் முடிச்சு தளர்ச்சி என்று கணக்கும் சண்டையும் கூடவே வந்தன. பெத்தம்மாவும் நானும் பேசிவைத்துக்கொண்ட மாதிரி, திண்ணைக் கூடையை விற்பனைக்குப் போடவே இல்லை. அது யாராவது வளைகாப்புக்கு, யாராவது புது வீட்டுக்கு என்று போகும்.

அதனால் உனக்கும் சொல்கிறேன், தைக்க ஆரம்பித்த உடனே நாலு பேர் "அழகா இருக்கே, ஆன்லைனில் போடு" என்பார்கள். இப்போதைக்குக் காதில் போட்டுக்கொள்ளாதே.

பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படி என்பாய். போன தடவை நான் வந்திருந்தபோது பெரியவளுக்கு ஒரு பெட்டி வாங்கி வந்தாய். அதற்குள் வெட்டிவைத்த அட்டை, பசை, ஒட்டவேண்டிய படம், எப்படி ஒட்டுவது என்று ஒரு தாள். விலையைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. கொஞ்ச நேரத்தில் ஒட்டி முடித்துவிட்டு, "அப்புறம்?" என்று உன் முந்தானையைப் பிடித்தாள். பிள்ளைக்கு விளையாட்டு வேலை கொடுத்தால் அதற்குத் தெரிந்துவிடும் கண்ணு, இது நம்மைச் சும்மா இருக்கவைக்கக் கொடுத்தது என்று. பெரியவர்கள் நிஜமாகச் செய்கிற வேலைக்கு நடுவில்தான் அதற்கு உட்கார வேண்டும். நீ மட்டும் எப்படி வளர்ந்தாயாம்? மாசி, பங்குனியில் புளி வந்தால் தெருவே உட்கார்ந்து தட்டும். நாங்கள் ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுப்போம். கொட்டையை எல்லாம் நீயும் பெத்தம்மா மகனும் பொறுக்குவீர்கள். ஒரு பக்கத்தைச் சிமெண்டுத் தரையில் வெள்ளை தெரியும் வரை தேய்த்துத் தாயம் உருட்டுவீர்கள். பனையோலையைக் கிழித்துக் காற்றாடி செய்து, நடுவில் வேலிமுள் குத்திக்கொண்டு ஓடுவீர்கள். முள் குத்தி ரத்தம் வந்த நாளும் உண்டு. யாரும் உங்களுக்கு இது கைவேலை வகுப்பு என்று சொல்லவில்லை.

பெரியவளுக்கு அஞ்சு வயசாகிறது. மழுங்கின பெரிய ஊசியும் தடித்த நூலும் கொடுத்தால் சாக்குத் துணியில் ஓட்டுத்தையல் போடுவாள். கோணலாக வரும், பிரிக்காதே. சின்னவன் விஷயம் வேறு, எதையும் வாயில் போடுகிற வயசு. மணி, பொத்தான், புளியங்கொட்டை எதுவும் அவன் கைக்கு எட்டக்கூடாது. ஊசியை மூடி இறுக்கமான டப்பாவில் வை, எழுந்திருக்கும்போது எண்ணிப்பார்த்து எழுந்திரு. அவனுக்குக் கோதுமை மாவைக் கொஞ்சம் உப்புப் போட்டுப் பிசைந்து, பாதியில் மஞ்சள் கலந்து கொடு. கேழ்வரகு மாவில் செய்யாதே, இழுவை இருக்காது, உருட்டினால் வெடித்துப்போகும். கேழ்வரகைக் களியாகக் கிண்டிக் கீரைக்குழம்போடு கொடு. போன முறை நன்றாகத்தானே தின்றான்?

சிட்டிலிங்கி ஞாபகம் இருக்கிறதா? அரூர் தாண்டி மலைக்கு நடுவில் இருக்கிற பள்ளத்தாக்கு. ரெஜி ஜார்ஜ், லலிதா என்று டாக்டர் தம்பதி 1993-ல் குடிசையில் மருத்துவம் பார்க்க ஆரம்பித்து, பெரிய ஆஸ்பத்திரியாக வளர்த்த ஊர். அங்கே இருக்கிற லம்பாடிப் பெண்களிடம் பரம்பரைத் தையல் ஒன்று இருந்தது, கண்ணாடி வைத்து, சோழி கோத்து, சிவப்பும் நீலமுமாக. பாவாடை ரவிக்கையை விட்டுச் சேலைக்கு மாறினதும் தையலும் போய்விட்டது. வயதான ஒன்றிரண்டு பேருக்குத்தான் கையில் நினைவு மிச்சமிருந்தது. அவர்களைச் சுற்றி இளசுகள் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, இன்றைக்கு அந்தத் தையல் போட்ட துணியும் பையும் வெளியூர்க் கடைகளுக்குப் போகின்றன. நான் வைத்திருக்கிற கண்ணாடிப் பை அங்கே வாங்கினதுதான். பூனாப் பாட்டிக்கும் வயசாகிறது என்றாய். அவர் மருமகளுக்குத் தையலில் நாட்டமில்லை என்றும் நீதான் சொன்னாய்.

மராத்தி தெரியாதே என்று மட்டும் சொல்லாதே. வீட்டுக்கு யார் வந்தாலும் உன் அப்பா, ஔவைக்கு அதியமான் நெல்லிக்கனி கொடுத்த தகடூர் இதோ பக்கத்துத் தருமபுரிதான் என்று ஆரம்பித்துவிடுவார். எனக்கு அந்தக் கதையைவிட, ஔவை அவனிடம் பாடின வேறொரு பாட்டு பிடிக்கும். பிள்ளைகளின் மழலை யாழோடு ஒத்துப்போகாது, காலத்தோடும் பொருந்தாது, அர்த்தமும் விளங்காது, ஆனாலும் பெற்றவனுக்கு அதைக் கேட்டால் அருள் சுரக்கும், என் வாய்ச்சொல்லும் உனக்கு அப்படித்தானே என்கிறாள். அவ்வளவு பெரிய புலவருக்கே சிநேகிதனிடம் பேச மழலை போதுமாக இருந்திருக்கிறது. பாட்டியிடம் பேச உன் அரைகுறை மராத்தி போதாதா?

போனதும் பேச்சுக்கு என்ன செய்வது என்று யோசிக்காதே. நூல் கோத்துக் கொடு. வயசானவர்களுக்கு ஊசிக்காதில் நூல் நுழைக்கத்தான் சிரமம். பெத்தம்மாவுக்கு இப்போது நான் போய்த்தான் கோத்துக் கொடுக்கிறேன், எனக்கு உன் அப்பா.

பார்சல் தபாலில் போட்டிருக்கிறேன். நம் ஊருக்கு ரயில் இருந்தால் நானே கொண்டுவந்திருப்பேன். பெங்களூரு போய் உத்யான் எக்ஸ்பிரஸ் பிடிக்க வேண்டும், அப்பாவின் முட்டிவலி கொஞ்சம் தணியட்டும். பார்சலில் என்னுடைய பழைய சேலைகள் நாலு இருக்கின்றன, எல்லாம் பருத்தி. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனவைதான் கோதடிக்கு ஆகும் என்று நினைக்கிறேன். பச்சைச் சுங்குடி நீ பிறந்தபோது தூளி கட்டினது, அதை நடுவில் வைப்பதா ஓரத்தில் வைப்பதா என்று பாட்டியே சொல்லட்டும். ஃபால்ஸ் பிரித்துவிட்டேன். ஒன்றில் முந்தானை கிழிந்திருக்கிறது, அந்தப் பக்கத்தை வெட்டிவிடு. பட்டு எதுவும் வைக்கவில்லை, வழுக்கிக்கொண்டு போகும். கூடவே பெத்தம்மா இரண்டு கட்டு ஒயர் வைத்திருக்கிறாள், மஞ்சளும் கத்திரிப்பூவும். பாட்டி கோதடி கற்றுக்கொடுத்தால் பதிலுக்கு நீ கூடை கற்றுக்கொடுக்க வேண்டுமாம். உனக்கு முடிச்சு மறந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு, அவள் காட்டுகிறாளாம். சின்னவன் போனைப் பிடுங்காமல் மாப்பிள்ளை கொஞ்ச நேரம் வெளியே கூட்டிக்கொண்டு போகட்டும்.

இன்னொன்று கேட்கச் சொன்னாள். சேலைகளை அடுக்கி விரித்த பிறகு அவை நகராமல் இருக்க முதலில் எங்கிருந்து தைக்க ஆரம்பிக்கிறார்கள், ஓரத்திலிருந்தா நடுவிலிருந்தா? கேட்டு எழுது.

அன்புடன்,
அம்மா