புதிய சீசனின் தமிழ் சப்டைட்டில் குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஜப்பானிய அனிமே (வரைகலை அசைபட) தொடரின் நான்காவது சீசன் – முதல் இரண்டு எபிசோடுகளின் தமிழ் சப்டைட்டிலைத் திருத்தவும், முடிவுப் பாடலை வெட்டாமல் காட்டவும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

தொடரின் பெயரையும் என் சந்தா எண்ணையும் உங்கள் புகார்ப் படிவத்தில் கொடுத்திருக்கிறேன். அந்தப் படிவத்தில் மூன்று வரிக்கு மேல் எழுத இடமில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

இரண்டு ஆண்டுகள் காத்திருந்து பார்த்த சீசன் இது. தொடரை உருவாக்கியவர்கள்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. முதல் எபிசோடில், பனி மூடிய பயிற்சிக்கூடத்துக்குச் சிஷ்யையான அந்தப் பெண் திரும்பி வரும் காட்சியில் இசையே கிடையாது. செருப்பைக் கழற்றி வாசலில் நேராக வைக்கிறாள். வாரில் ஒட்டியிருந்த பனி கரைந்து மரத்தரையில் மெல்ல ஈரம் பரவுகிறது. அந்த ஈரத்தைக்கூட அவ்வளவு பொறுமையாக வரைந்திருக்கிறார்கள். உள்ளே குரு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார். காலடி கேட்டுத் திரும்பிப் பார்த்து, "தோச்சிரா சாமா தெஸு கா" என்று கேட்கிறார்.

மூன்று சீசன்களாக அவர் அவளை "ஒமாயே" என்றுதான் அழைத்துவந்தார். நெருங்கியவர்களிடம் நாம் சொல்லும் "நீ"யைப் போன்ற சொல் அது. அப்படிப்பட்டவர், வாசலில் வந்து நிற்கும் அயலாரிடம் விசாரிப்பதுபோல, "தாங்கள் யார்?" என்று பணிவாகக் கேட்கிறார். அவருக்கு நினைவு தப்பிவிட்டது என்று அதுவரை யாரும் சொல்லவில்லை. அந்த மரியாதைச் சொல்தான் அதைச் சொல்கிறது. அவள் முகம் வெளிறிப்போவது அதைக் கேட்டுத்தான்.

உங்கள் தமிழ் சப்டைட்டிலில் அந்த இடத்தில் இருப்பது: "யார் நீ?"

என் அம்மாவுக்கு ஜப்பானிய மொழி தெரியாது. முதல் சீசனிலிருந்து தமிழ் சப்டைட்டிலை நம்பித்தான் என்னோடு உட்கார்ந்து பார்க்கிறார். "இவர் ஏன் இவள்மேல் இவ்வளவு கோபமாக இருக்கிறார்?" என்று கேட்டார். நிறுத்தி, விளக்கி, மறுபடி ஓடவிட்டேன். அவருக்குப் புரிந்தது. ஆனால் அந்தக் காட்சியை முதல்முறை பார்க்கும் வாய்ப்பு அவருக்குப் போனது போனதுதான்.

மொழிபெயர்ப்பு கடினமான வேலை என்பது எனக்குத் தெரியும். மூன்று ஆண்டுகளாக ஜப்பானிய மொழி படித்துவருகிறேன். ஒரு பத்தியைத் தமிழாக்குவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடும். ஆனால் இந்த இடம் கடினமே இல்லை. நீ, நீங்கள், தாங்கள் என்று படிப்படியாக மரியாதை வைத்திருக்கும் மொழி நம்முடையது. ஆங்கிலத்தில்தான் எல்லாருக்கும் ஒரே சொல். அங்கே தொலைந்ததைத் தமிழிலும் தொலைத்திருக்கிறீர்கள் என்றால், இந்தச் சப்டைட்டில் ஜப்பானிய மூலத்தைப் பார்த்து எழுதப்பட்டதல்ல.

சந்தேகத்தின்பேரில் ஆங்கில சப்டைட்டிலையும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். வரிக்கு வரி அதன் நிழல். வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஜப்பானியர்கள் சொல்வது "இத்தேகிமாஸ்". சொல்லுக்குச் சொல் அது நம் "போய் வருகிறேன்"தான். எல்லா மொழிக்காரருக்கும் இவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிடாது. நமக்குத் தயாராக இருக்கிறது. உங்கள் சப்டைட்டிலில் சிறுவன், "நான் வெளியேறுகிறேன்" என்கிறான். திரும்பி வந்து அவன் சொல்லும் "ததாய்மா", அதாவது "வந்துவிட்டேன்", "நான் வீட்டில் இருக்கிறேன்" என்று ஆகியிருக்கிறது. இரண்டாவது எபிசோடில், "அவரைக் கொன்றது…" என்று சொல்லிவிட்டு அவள் நீண்ட நேரம் நிறுத்துகிறாள். பிறகுதான் "நான்" என்கிறாள். திரையில் முழு வாக்கியமும் முன்கூட்டியே வந்து நிற்கிறது. தமிழிலும் அந்தச் சொல் கடைசியில் வரக்கூடியதே. இரண்டாகப் பிரித்துப் போட்டிருந்தால் போதும்.

முந்தைய சீசன்களில் இப்படி இருந்ததில்லை. சிஷ்யை குருவிடம் "நீங்கள்" என்பாள், அவர் "நீ" என்பார். இரண்டு மொழிகளும் காதில் ஊறிய யாரோ ஒருவர் உட்கார்ந்து செய்த வேலை அது. அவரை மாற்றிவிட்டீர்களா, அல்லது கணினியிடம் ஒப்படைத்துவிட்டீர்களா? தெரிந்துகொள்ள வழியில்லை, ஏனென்றால் தமிழாக்கம் செய்தவர் பெயரை நீங்கள் எங்கும் போடுவதில்லை.

பெயர்களைப் பற்றி இன்னொன்று. முடிவுப் பாடல் வழக்கம்போல ஒன்றரை நிமிடம். அது தொடங்கிய சில நொடிகளிலேயே படம் மூலையில் சுருங்கி, அடுத்த எபிசோட் தானாக ஓடத் தொடங்குகிறது. அசைவின் முக்கிய நிலைகளை வரைந்தவர்கள், இடைப்படங்களை வரைந்தவர்கள், வண்ணம் தீட்டியவர்கள், பின்னணி ஓவியர்கள் என எல்லார் பெயரும் அந்த ஒன்றரை நிமிடத்தில்தான் வருகிறது. பாடலுக்குப் பிறகு ஒரு சிறிய காட்சியும் இருக்கிறது. குரு அந்தச் செருப்பை எடுத்து அடுப்பருகே உலர வைக்கிறார். அதைத் தவறவிட்டுத்தான் நாங்கள் இரண்டாவது எபிசோடைப் பார்த்தோம். மறுநாள் தற்செயலாகத்தான் கண்ணில் பட்டது.

இதையெல்லாம் உங்கள் உதவி எண்ணில் ஏற்கெனவே சொன்னேன். செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவச் சொன்னார்கள். பேசியவர் கனிவாகத்தான் பேசினார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நிறுவிப் பார்த்தாலும் "யார் நீ?" அப்படியேதான் இருக்கிறது.

சந்தாப் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. இந்த இரண்டு எபிசோடுகளின் தமிழ் சப்டைட்டிலை ஜப்பானிய மூலத்திலிருந்து புதிதாகச் செய்யுங்கள். மீதமுள்ள பத்தையும் அப்படியே செய்யுங்கள். செய்பவரின் பெயரைத் திரையில் போடுங்கள். நாங்களாக அழுத்தினால் மட்டும் அடுத்த எபிசோட் தொடங்கட்டும். முந்தைய சீசன்களைத் தமிழாக்கியவர் இன்னும் உங்களோடு தொடர்பில் இருந்தால், இந்த வேலையை அவரிடமே கொடுக்கும்படி வேண்டுகிறேன்.

மூன்றாவது எபிசோட் அடுத்த வாரம் வெளியாகிறது. அதற்குள் எழுத்துமூலம் பதில் அனுப்புங்கள். திருத்தம் வரும்வரை அம்மா பார்க்காமல் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
முதல் சீசன் முதல் உங்கள் சந்தாதாரர்