லூப்ஸ் வாங்குவதற்கு முன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பல் மருத்துவத்தில் இடம் கிடைத்த சேதியை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன், அவ்வளவு சந்தோஷம். இங்கே எல்லாரும் நலம், அம்மாவுக்குத்தான் முழங்கால் வலி விட்டபாடில்லை.

சரி, லூப்ஸ் வாங்கலாமா என்று கேட்டாயே, வாய்க்குள் பெரிதாகக் காட்டும் லென்ஸ் பொருத்திய அந்தக் கண்ணாடி விஷயம். தாராளமாக வாங்குடா. எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதைத்தான் விற்க வருகிறவர்கள் முதலில் சொல்வார்கள், நீ அதைக் கடைசியில் கேள். முதலில் கேட்க வேண்டியது, உன் கண்ணுக்கும் நோயாளியின் வாய்க்கும் எவ்வளவு தூரம் வைத்துச் செய்கிறார்கள், லென்ஸ் எவ்வளவு கீழே சாய்ந்திருக்கும் என்பது. நீ ஆறடி ஆள், நிமிர்ந்து உட்கார்ந்தால் 50 செ.மீ. பக்கம் வரும், 35 செ.மீ.க்குச் செய்ததை மாட்டிக்கொண்டால் தெளிவாகத் தெரிவதற்காகவே நாள் முழுக்கக் குனிந்து கிடப்பாய். சாய்வு போதாவிட்டாலும் அதே கதிதான், கண் இறங்க வேண்டியதற்குக் கழுத்து இறங்கும். கழுத்து வலி தாங்காமல்தானே இதைத் தேடுகிறாய்? அதனால் உன் கிளினிக்கிலேயே, உன் ஸ்டூலில் உன்னை உட்காரவைத்து, சேரில் ஒருவரைப் படுக்கவைத்து அளவெடுக்கச் சொல்.

ஆரம்பத்துக்கு 2.5 மடங்கு போதும். கலிலியன் வகை, எடை குறைவு, தலை கொஞ்சம் முன்பின் போனாலும் மங்காது. 4, 5 என்று போனால் பிரிஸம் வைத்த கெப்ளர் வகை. மூக்கில் பாரம் ஏறும், தெரியும் வட்டம் சுருங்கும். எதுவானாலும் விளக்கோடு வாங்கு. பார்வைக் கோட்டிலேயே வெளிச்சம் போவதால் நம் கை நிழல் தொந்தரவே இருக்காது. ஆரஞ்சு ஃபில்டரும் கேள், இல்லாவிட்டால் வெளிச்சம் பட்டு இறுகும் அடைப்புப் பசையான காம்போசிட்டை நீ வடிவம் கொடுத்து முடிப்பதற்குள் அந்த வெளிச்சமே இறுக்க ஆரம்பித்துவிடும். நமக்கு வெள்ளெழுத்து வந்தாயிற்று, உன் கண்ணாடி பவரை அதிலேயே போட்டுத் தருவார்கள்.

நான் இப்போது ரூட் கெனாலுக்கு மைக்ரோஸ்கோப்புக்கு மாறிவிட்டேன். மேல் முதல் கடைவாய்ப்பல்லின் வேருக்குள் எம்பி2 என்று கூடுதலாக ஒரு நுண்ணிய கால்வாய் படித்தோமே, படத்தில் பார்த்ததோடு சரி என்று நினைத்த கால்வாய், அது முக்கால்வாசிப் பல்லில் இருக்கிறதடா! மேலே மூடிக்கொண்டிருக்கும் டென்டினை, அதாவது எனாமலுக்கு உள்ளே இருக்கும் பல் பகுதியை, அதிரும் அல்ட்ராசோனிக் டிப்பால் மெல்லச் சுரண்டினால் சின்னப் புள்ளியாகத் தெரியும். அதை விட்டுவிட்டு அடைத்தால் உள்ளே கிருமி இருந்துகொண்டே இருக்கும், கொஞ்ச காலத்தில் நோயாளி அதே பல்லைப் பிடித்துக்கொண்டு வருவார். வேர் விரிசலும் அப்படித்தான், வெறுங்கண்ணில் பிடிபடாது.

அமெரிக்காவில் 1990களின் இறுதியிலேயே எண்டோ, அதாவது ரூட் கெனால் சிகிச்சை மேற்படிப்பில் மைக்ரோஸ்கோப் பயிற்சியைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். அதற்கு முன்பே, 1981இல், அபோதெக்கர் என்பவர் டென்டிஸ்கோப் என்று பல் மருத்துவத்துக்கான மைக்ரோஸ்கோப் ஒன்றைக் கொண்டுவந்தார். 8 மடங்கு, அதை மாற்ற முடியாது, கண் வைக்கும் குழலும் நேராக நின்றது, வசதியாக உட்கார்ந்து வேலை செய்ய வழியில்லை. சில வருஷத்திலேயே விற்பனையை நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் உட்காரும் விதத்தைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

முதல் சில வாரம் தலை சுற்றுகிற மாதிரி இருக்கும், கழற்றி வைத்துவிடாதே. ஸ்கேலிங், சாதாரண ஃபில்லிங் என்று தொடங்கு, கண் பழகிவிடும்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வா, என் லூப்ஸை மாட்டிப் பார், மைக்ரோஸ்கோப்பிலும் உட்கார்ந்து பார். மகளையும் கூட்டி வா. பிடுங்கிய பல் ஏதாவது இருந்தால் எடுத்து வா, எம்பி2 தேடிப் பார்க்கலாம்.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்