மீடியா தூளில் தாமிரம் எவ்வளவு?

செல் வளர்ப்பு மீடியா தயாரித்து விற்கும் நிறுவனங்களின் தொழில்நுட்பப் பிரிவினருக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பும் தூளைத் தண்ணீரில் கரைத்து, செல்களுக்கு உணவான அந்த மீடியாவில் சிஹெச்ஓ செல்களை (சீன ஹாம்ஸ்டரின் சூலகச் செல்கள்) வளர்த்து, மருந்தாகும் ஆன்டிபாடி எடுக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். கன்று ரத்த சீரத்தை நம்பியிருந்த காலத்திலிருந்து இன்றைய சீரமில்லாத மீடியாவரை எங்களைக் கொண்டுவந்தவர்கள் நீங்கள்தான். அதை மறக்கவில்லை.

ஆனால் சமீபத்தில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். புது லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) ஒன்று வந்தது. சான்றிதழில் பிஹெச், ஆஸ்மோலாலிட்டி (கரைந்திருக்கும் பொருள்களின் செறிவு), எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) எல்லாம் சரி. செல்களும் நன்றாகவே பெருகின. எங்கள் செல்கள் வழக்கமாக ஆறாம் நாள் வாக்கில், தாங்கள் வெளியேற்றிய லாக்டேட் என்ற அமிலக் கழிவைத் தாங்களே திரும்பத் தின்னத் தொடங்கும். இந்த முறை தொடங்கவே இல்லை. லாக்டேட் ஏற ஏற, செல் வளரும் கலனான பயோரியாக்டர் பிஹெச்சைச் சமன்செய்யக் காரத்தைச் சேர்த்தது. காரம் சேரச் சேர ஆஸ்மோலாலிட்டி ஏறியது. பத்தாம் நாள் பாதிச் செல்கள் செத்துவிட்டன. விதைச் செல்லைச் சந்தேகித்தோம், பிஹெச் ப்ரோபைச் சந்தேகித்தோம், இரவு ஷிஃப்டில் இருந்த பையனைக்கூடச் சந்தேகித்தோம், பாவம். கடைசியில் இரண்டு லாட்டையும், உலோகங்களை நுண்ணளவில் அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் கொடுத்துப் பார்த்தால், புதியதில் தாமிரம் மிகக் குறைவு. மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைக் கையாளும் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதிக்குத் தாமிரம் இல்லாமல் வேலை ஓடாது; அது ஓடாவிட்டால் செல்லால் லாக்டேட்டை எரிக்க முடியாது.

வேடிக்கை என்னவென்றால், பழைய லாட்டில் இருந்த தாமிரத்தில் பெரும்பகுதி நீங்கள் போட்டதே இல்லை. ஏதோ ஓர் உப்போடு ஒட்டி வந்த அழுக்கு. நீங்கள் இன்னும் தூய்மையான உப்புக்கு மாறினீர்கள்; எங்கள் செல்கள் பட்டினி கிடந்தன.

மாங்கனீசு இதைவிடத் தந்திரக்காரன். இரும்பு உப்புகளோடு சத்தமில்லாமல் வரும். அது கூடினால் ஆன்டிபாடியின் சர்க்கரைக் கிளையில் காலக்டோஸ் கூடும். செல் எண்ணிக்கையும் விளைச்சலும் வழக்கம்போலவே இருக்கலாம். ஆனால் ரத்தத்தில் உள்ள காம்ப்ளிமென்ட் என்ற நோய் எதிர்ப்புப் புரதங்களை அழைத்து நோய்ச் செல்லைக் கொல்லும் வகை ஆன்டிபாடியானால், மருந்தின் வீரியமே மாறும்.

அமினோ அமிலங்களை எங்களால் ஓரளவு சமாளிக்க முடிகிறது. டைரோசின் நடுநிலை பிஹெச்சில் லிட்டருக்கு அரை கிராம் அளவுக்குக் கரைவதே பெரும்பாடு. அது தீர்ந்துபோனால் செல், புரதத்தில் அதன் இடத்தில் ஃபினைல்அலனைன் என்ற வேறோர் அமினோ அமிலத்தைச் செருகிவிடும். அதைத் தினமும் அளந்து ஊட்டத்தைக் கூட்டிக்கொள்கிறோம். உலோகம் அப்படியில்லை, தெரியவரும்போது பேட்ச் முடிந்திருக்கும்.

வணிக ரகசியம் என்பீர்கள். சரி, செய்முறையை வைத்துக்கொள்ளுங்கள். செல் வளர்ப்பு முன்னோடி ஹாரி ஈகிள் தன் மீடியாவின் முழு அளவுகளையும் 1959-இல் வெளியிட்டார். அதை இன்றும் விற்கத்தான் செய்கிறீர்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். தவிர, நல்ல கருவி உள்ள போட்டியாளர் உங்கள் தூளின் பெரும்பகுதியை அளந்துவிடுவார். கருவி இல்லாத சின்ன ஆய்வகம்தான் இருட்டில் நிற்கிறது.

நான் கேட்பது நான்கு எண்கள்: ஒவ்வொரு லாட்டிலும் நீங்களே அளந்த தாமிரம், மாங்கனீசு, துத்தநாகம், இரும்பு. அப்புறம், உப்பு வாங்கும் இடத்தை மாற்றினால் தூள் எங்கள் கைக்கு வருமுன் ஒரு வரி மின்னஞ்சல்.

பழைய லாட்டில் எங்களிடம் இன்னும் ஒரு வாளி மிச்சமிருக்கிறது. அது தீர்வதற்குள் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவன்