இது பாட்டா, ரிங்டோனா?

அன்புள்ள மாப்பிள்ளை,

நான் அனுப்பிய பங்க் ஆல்பத்தின் (பங்க் என்றால் வேகமும் முரட்டுத்தனமுமான ராக்) முதல் பாட்டைக் கேட்டுவிட்டு நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். "மாமா, இது பாட்டா, ரிங்டோனா? ஹெட்போனை மாட்டிக்கிட்டு உட்கார்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு" என்று சிரிக்கிறாய். பின்னால் உன் ரூம்மேட்களும் சிரிப்பது கேட்கிறது. வாட்ஸாப்பிலேயே நாலு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அடங்கவில்லை. 27 வினாடிப் பாட்டுக்கு இவ்வளவு நீளமான கடிதமா என்று அடுத்த மெசேஜில் கேட்பாய், தெரியும். உன் வயதில் இதே கேள்வியோடு ஒருவர் அறைக் கதவைத் தட்டியவன் நான். அதனால் ஊரே படிக்கிற மாதிரி எழுதிவிடுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. நேற்று உன் அம்மா போன் பண்ணினாள். உன் மொபைலில் அந்த ஆல்பத்தின் பெயரைப் பார்த்துவிட்டாளாம். "பையனுக்கு என்னடா அனுப்பி வச்சிருக்கே?" என்றாள். இது ஒரு அமெரிக்கக் குழு, பெயர் சர்க்கிள் ஜெர்க்ஸ், ஆல்பத்தின் பெயர் 'குரூப் செக்ஸ்', வீட்டில் பெரியவர்கள் இப்படிக் கேட்கட்டும் என்றுதான் பெயரே வைத்திருப்பார்கள் என்று விளக்கினேன். அக்கா சமாதானம் ஆனதாகத் தெரியவில்லை. குழுவின் பெயரை அவள் கூகுளில் தேடாமல் இருக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2004-இல் நான் ஹாஸ்டலில் இருந்தபோது சீனியர் ஒருவர் இதை சிடியில் எழுதிக் கொடுத்தார். அட்டை கிடையாது. மார்க்கரில் குழுவின் பெயர் மட்டும் இருந்தது. போட்டேன். முதல் பாட்டு 27 வினாடியில் நின்றது. இரண்டாவது 1 நிமிடம் 10 வினாடி. மூன்றாவது அதையும்விடக் கம்மி. சிடி சரியாக எழுதப்படவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். அப்போதெல்லாம் அது சகஜம். சீனியரிடம் போய், "அண்ணா, எல்லாப் பாட்டும் பாதியில கட் ஆகுது" என்றேன். அவர் சிடியைக் கையில் வாங்கவே இல்லை. "கடைசி அடியைக் கேட்டியா? நாலு பேரும் ஒண்ணா நிறுத்துறாங்களா இல்லையா? கட் ஆனா அப்படியா நிக்கும்?" என்றார்.

திரும்பிப் போய்க் கேட்டேன். நீயும் இப்போது அதைத்தான் செய்ய வேண்டும். முதல் பாட்டு, 'டினை எவ்ரிதிங்'. குற்றம் நிரூபணமாகும் வரை நான் நிரபராதி, எதையும் ஒத்துக்கொள்ளாதே. பாட்டின் மொத்தச் சரக்கும் அவ்வளவுதான். போலீஸில் மாட்டிய பையனுக்குக் கூட்டாளி காதில் ஓதுகிற புத்திமதி. அதை எத்தனை நேரம் சொல்ல முடியும்? சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, கிதாரும் பேஸும் டிரம்ஸும் குரலும் ஒரே அடியில் நிற்கின்றன. அந்த நிற்றலை மட்டும் பத்துத் தடவை கேள். ஒருவர் கால் வினாடி தாமதித்தாலும் பாட்டு குப்பைக்குப் போகும். ஆறு நிமிடப் பாட்டில் ஒரு பிசகு நடந்தால் அடுத்த நிமிடத்தில் மறைத்துவிடலாம். இங்கே ஒளிய இடமே இல்லை.

வேகமாக வாசிப்பது திறமை இல்லாததை மறைக்கத்தான் என்று உன் நண்பன் சொன்னானாமே, அவனை டிரம்ஸை மட்டும் கேட்கச் சொல். டிரம்மர் லக்கி லெரர் ஜாஸ் பயின்று வந்தவர். கிக்கும் (காலால் அடிக்கிற பெரிய டிரம்) ஸ்னேரும் (குச்சியால் அடிக்கிற சின்ன டிரம்) மாறி மாறி, கேட்கிறவனுக்கே மூச்சு வாங்குகிற வேகத்தில் போகும். ஆனால் அடி ஒன்றன் மேல் ஒன்று விழுந்து கூழாவதில்லை. நடுவில் ஒரு அடியை இழுத்துப் பிடிப்பார், வரிக்கும் வரிக்கும் இடையில் ஒரு சின்ன உருட்டல் போட்டுவிட்டுத் திரும்பி வருவார். அந்தக் கைக்கு வேகமும் தெரிகிறது, எப்போது அடிக்கக் கூடாது என்றும் தெரிகிறது. பின்னால் இதே வேகத்தைப் பிடிக்கப் பார்த்த பல குழுக்களிடம் எனக்குக் கிடைக்காதது இந்த இரண்டாவது விஷயம்தான்.

போன மாதம் உங்கள் காலேஜ் கல்ச்சுரல்ஸுக்கு வந்திருந்தேன் அல்லவா? உங்கள் குழுவின் பாட்டு நன்றாக இருந்தது. பொய் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் பாட ஆரம்பிக்கும் முன் இன்ட்ரோ எவ்வளவு நேரம் போனது தெரியுமா? உன் அம்மா எடுத்த வீடியோவில் பார்த்தேன்: 1 நிமிடம் 10 வினாடி. 'டினை எவ்ரிதிங்' 27 வினாடி, அதே ஆல்பத்தின் 'வேஸ்டட்' 43 வினாடி. கூட்டிப் பார். உங்கள் பாடகன் மைக்கைக் கையில் எடுப்பதற்குள் இவர்கள் இரண்டு பாட்டு முடித்துவிடுவார்கள்.

வேகப் போட்டி வைக்கச் சொல்லவில்லை. எதை வெட்டியிருக்கிறார்கள் என்று பார். இன்ட்ரோ சுருக்கம். கிதார் சோலோ என்று யாரும் முன்னால் வந்து நிற்பதில்லை. கோரஸை மூன்றாம் தடவை பாடுவதில்லை. மெல்ல மெல்ல ஒலி குறைந்து தேய்ந்து போகிற முடிவும் கிடையாது. வெட்டாமல் வைத்திருப்பது மெட்டு, வரி, அடி. 1976-இல் ரமோன்ஸ் என்ற பங்க் குழு தங்கள் முதல் ஆல்பத்தில் 14 பாட்டைச் சுமார் 29 நிமிடத்தில் அடக்கியபோதே ராக் உலகம் இதெல்லாம் ஒரு நீளமா என்று பார்த்தது. நாலு வருடம் கழித்து, 1980-இல், சர்க்கிள் ஜெர்க்ஸ் ஆல்பத்திலும் 14 பாட்டுதான். நேரம் கிட்டத்தட்ட பாதி, 15 நிமிடம் சொச்சம். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தால் முழு ஆல்பம் முடிந்திருக்கும்.

இவர்கள் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கடலோரப் பக்கத்து ஆட்கள். பாடகர் கீத் மோரிஸ் ஹெர்மோசா பீச்காரர். அப்பா அங்கே தூண்டில் கடை வைத்திருந்தார். இரை, முள், நரம்பு விற்கிற கடை. மகனும் அதில் வேலை பார்த்தவர். ஹாலிவுட்டில் பங்க் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அதில் கலைக் கல்லூரி வாசனை கொஞ்சம் அடிக்கும். கடலோரத்திலிருந்தும் புறநகரங்களிலிருந்தும் சறுக்குப் பலகையோடு வந்த பையன்கள் கைக்குப் போனதும் அது இன்னும் வேகமாக, இன்னும் முரடாக ஆனது. அதற்குத்தான் ஹார்ட்கோர் என்று பெயர் வந்தது. கீத் அதற்கு முன் பிளாக் ஃபிளாக் குழுவின் பாடகர். 1979-இல் அங்கிருந்து விலகி, கிதாரிஸ்ட் கிரெக் ஹெட்சனோடு இதைத் தொடங்கினார். பேஸ் ரோஜர் ரோஜர்சன்.

இதில் ஒரு குடும்பச் சண்டையும் உண்டு. தனிக்குடித்தனம் போகிறவர் பொதுவீட்டுப் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு போன கதை. பிளாக் ஃபிளாக்கில் பாடிய 'வேஸ்டட்' இந்த ஆல்பத்திலும் இருக்கிறது. 'டோண்ட் கேர்' என்ற அரை நிமிடப் பாட்டும் அங்கிருந்து வந்ததுதான். பழைய ஆட்கள் சும்மா இருப்பார்களா? அதே இசையை எடுத்து, திருட்டுப் பயலே என்று கீத்தைத் திட்டி வேறு வரிகள் போட்டு, அதே 1980-இல் தங்கள் 'ஜெலஸ் அகெய்ன்' இசைத்தட்டில் பதிவு செய்துவிட்டார்கள். வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் பாட்டு. அதுவும் நீளமில்லை.

அந்த 'வேஸ்டட்' பாட்டைக் கொஞ்சம் நிதானமாகக் கேள், 43 வினாடியை எவ்வளவு நிதானமாகக் கேட்க முடியுமோ அவ்வளவு. எல்லாம் இறந்தகாலம். நான் ஹிப்பியாக இருந்தேன், படிப்பை விட்டேன், சர்ஃபிங் போனேன், சறுக்குப் பலகை வைத்திருந்தேன், ஸ்ட்ராண்டில் குடியிருந்தேன். ஸ்ட்ராண்ட் என்பது ஹெர்மோசாவில் கடற்கரையை ஒட்டிப் போகும் நடைபாதை. இருந்தேன், இருந்தேன் என்று பட்டியல் போட்டுவிட்டு, போதையில் கிடந்தேன் என்று முடித்துவிடுகிறார். வருத்தப்படுகிறாரா, பெருமை அடிக்கிறாரா என்று எனக்கு இருபது வருடமாகப் பிடிபடவில்லை. மூன்று நிமிடம் பாடியிருந்தால் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்திருப்பார்.

இன்னொரு பாட்டு. இதில்தான் நான் விழுந்தேன். 'பெய்ட் வெக்கேஷன்'. சம்பளத்தோடு விடுமுறை என்று அர்த்தம். ராணுவத்துக்கு ஆள் எடுப்பதைப் பற்றிய கிண்டல். இது வியட்நாம் இல்லை, எண்ணெய்க் கம்பெனிகள் செய்கிற இன்னொரு ஏமாற்று வேலை, இது ஆஃப்கானிஸ்தான் என்று கத்துகிறார். 2004-இல் ஹாஸ்டலில் கேட்கும்போது பேப்பரில் தினமும் ஆஃப்கானிஸ்தான் செய்தி. சிடிக்கு அட்டையும் இல்லை. புஷ்ஷைத் திட்டி இப்போது வந்த புதுக் குழு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சீனியர்தான் 1980 என்றார். நான் பிறப்பதற்கு முன்னால் வந்த பாட்டு! சோவியத் படை ஆஃப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது 1979 டிசம்பர். அதை ஒட்டி அதிபர் கார்ட்டர், இளைஞர்கள் ராணுவத்துக்காகப் பெயர் பதிய வேண்டும் என்ற ஏற்பாட்டை மறுபடி கொண்டுவந்தார். 1980 ஜூலையில் அமெரிக்கத் தபால் நிலையங்களில் 19, 20 வயதுப் பையன்கள் போய்ப் படிவம் நிரப்பினார்கள். உன் வயதுதான். அந்தப் படிவத்தின் மேல் வந்த எரிச்சல் இது, ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு. அன்றைக்கு அமெரிக்கா அங்கே படை அனுப்பவில்லை. 2001-இல் போனது, 2021-இல்தான் வெளியே வந்தது.

எல்லாமே இப்படி என்று சொல்ல மாட்டேன். பெண்களைப் பற்றிப் பேசுகிற இடங்களில் தெரு முனையில் நிற்கிற பையன்களின் பேச்சுதான், அதைத் தூக்கிப் பிடிக்க எனக்கு மனமில்லை. தலைப்புப் பாட்டு ஒரு வரி விளம்பரத்தை வாசிக்கிற ஜோக். முதல் தடவை சிரிப்பு வரும், மூன்றாம் தடவை தாண்டிப் போவாய். அப்படித் தாண்டினால் என்ன பெரிய நஷ்டம், ஒரு நிமிடம். அடுத்தது 'ரெட் டேப்'. அரசாங்கக் காகித வேலையின் மேல் வருகிற கோபத்துக்கு நம் ஊர் ஆளுக்கு யாரும் உரை எழுத வேண்டியதில்லை. ஆல்பம் அதோடு முடிகிறது.

இதை வெளியிட்டது ஃபிரான்டியர் ரெக்கார்ட்ஸ், லிசா ஃபேன்சர் என்ற இளம்பெண் நடத்திய சின்னக் கம்பெனி. பெரிய இசைத்தட்டு. ஆனால் பக்கத்துக்கு எட்டு நிமிடம்கூட வராது. மொத்தத்தையும் ஒரே பக்கத்தில் அடைத்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் இரண்டு பக்கமாகப் பிரித்ததால் நடுவில் எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். உட்கார விடக் கூடாது என்றே செய்த மாதிரி எனக்குப் படும். அட்டைப் படத்தை மொபைலில் பெரிதாக்கிப் பார். எட் கோல்வர் எடுத்தது. மரீனா டெல் ரேயில் இருந்த ஸ்கேட் பார்க், தண்ணீர் இல்லாத நீச்சல் குளம் மாதிரி ஒரு குழி, அதற்குள் ஒரு கூட்டம். யார் வாசிக்கிறவர், யார் கேட்க வந்தவர் என்று பிரித்துச் சொல்ல முடியாது. இந்தக் குழுவின் சின்னமாக ஆடுகிற பையன் ஒருவன் வருவான், முழங்காலை மடக்கிக் கையை வீசிக்கொண்டு. அவனை வரைந்தவர் ஷான் கெரி என்ற கார்ட்டூனிஸ்ட், அவரும் பெண். பையன்கள் கூச்சல் என்று சொல்லப்படுகிற இந்த ஆல்பத்தைக் கடைக்குக் கொண்டுவந்ததும் அந்தக் குழுவுக்கு ஒரு முகம் கொடுத்ததும் இரண்டு பெண்கள். உன் அம்மாவிடம் சொல்லலாம். வேண்டாம், இப்போதைக்குச் சொல்லாதே.

சின்ன வயதுப் பொறுமையின்மை, வயதானால் பாட்டு நீளும் என்று நினைக்கிறாய் அல்லவா? நானும் நினைத்தேன். ஹெட்சன் பிற்பாடு பேட் ரிலிஜன் குழுவில் பல வருடம் வாசித்தார். கீத் மோரிஸ் 1955-இல் பிறந்தவர். 2010-இல் 'ஆஃப்!' என்ற புதுக் குழுவோடு வந்து நின்றார், 55 வயதில். 16 பாட்டு, 20 நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்.

எனக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. ஆபீஸ் மீட்டிங்கில் ஒருவர் ஒரே விஷயத்தை ஐந்தாம் தடவை சொல்லும்போது என் கால் தானாகத் தாளம் போடுகிறது. எந்தப் பாட்டின் தாளம் என்று உனக்குத் தெரியும்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த பிராக்டிஸில் 'டினை எவ்ரிதிங்' வாசித்துப் பாருங்கள். கிதாரில் பவர் கார்டு (இரண்டு மூன்று தந்திகளை மட்டும் பிடிக்கிற எளிய பிடி) பிடிக்கத் தெரிந்தால் போதும், ஒரு மதியத்தில் கைக்கு வந்துவிடும். கடைசி அடியில் நாலு பேரும் சேர்ந்து நிற்பதற்கு மட்டும் எத்தனை நாள் ஆகிறது என்று எண்ணி வை. சரியாக வந்ததும் பதிவு செய்து எனக்கு அனுப்பு. 30 வினாடிக்கு மேல் போயிருந்தால் அனுப்பாதே, மறுபடி வாசி. நன்றாக வந்தால் என் போனில் ரிங்டோனாக வைத்துக்கொள்கிறேன். முதல் அழைப்பு உன் அம்மாவிடமிருந்துதான் வரும்.

அன்புடன்,
மாமா