இடம் கிடைக்காததற்கு யார் காரணம்?

அன்புள்ள முரளி,

உன் குரல் செய்தியைக் கேட்டேன். நித்யாவுக்கு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை என்று ஆரம்பித்து, கடைசியில் "நாமதான் எங்கேயோ கோட்டை விட்டுட்டோம்" என்று முடித்தாய் பார், அதைக் கேட்டபிறகு சும்மா இருக்க முடியவில்லை. செல்வம் வேறு "அப்பவே சொன்னேன்" என்றானாம். அவன் எதைத்தான் அப்பவே சொல்லவில்லை!

முதலில் கணக்கைப் பார். 2021இல் ஹார்வர்டுக்கு விண்ணப்பித்தவர்கள் 57,435 பேர், இடம் கிடைத்தது 1,968 பேருக்கு. நூற்றுக்கு மூன்றரைகூட இல்லை. இதில் யார் கோட்டை விட்டது, யார் பிடித்தது என்று எப்படிச் சொல்வாய்?

நூறு வருடத்துக்கு முன்னால் இப்படி இல்லை. நுழைவுத் தேர்வில் தேறினால் பெரும்பாலும் இடம் உண்டு. வசதியான வீட்டுப் பையன்கள்தான் அந்தத் தேர்வுக்குத் தயாராக முடியும் என்பது வேறு கதை. சிக்கல் எப்போது வந்தது தெரியுமா? யூதக் குடும்பத்துப் பிள்ளைகள் நன்றாகப் படித்து வரிசையாகத் தேற ஆரம்பித்தபோது. 1922இல் ஹார்வர்டில் ஐந்தில் ஒருவருக்கு மேல் யூத மாணவர். அப்போது பல்கலைக்கழகத் தலைவராக இருந்த லோவெல் அவர்களை 15 சதவீதத்தோடு நிறுத்தப் பார்த்தார். வெளிப்படையான ஒதுக்கீட்டை ஆசிரியர்கள் ஏற்கவில்லை. அதனால் என்ன, விண்ணப்பப் படிவத்தை மாற்றினார்கள்: அப்பா எங்கே பிறந்தார், அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய பெயர் என்ன, மதம் என்ன, அப்புறம் உச்சமாக, பிறந்த பிறகு உன் பெயரோ அப்பாவின் பெயரோ மாற்றப்பட்டதா! பெயரை மாற்றிக்கொண்டு உள்ளே வந்துவிடக் கூடாதே. 1926இல் 'குணநலன்' பார்ப்போம் என்றார்கள், புகைப்படமும் கேட்டார்கள். யூத மாணவர் எண்ணிக்கை சரிந்தது.

நித்யா ராத்திரி ராத்திரியாகக் கண் விழித்து விண்ணப்பக் கட்டுரையைத் திருத்தித் திருத்தி எழுதினாளே, 'நான் எப்படிப்பட்டவள்' என்று, அந்தக் கேள்விக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. இன்று அதை நல்ல மனதோடு படிக்கிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மதிப்பெண்ணைப் போல அதைச் சரிபார்க்க முடியாது, ஏன் தள்ளினாய் என்று கேட்கவும் முடியாது.

இன்னொன்று, இந்தச் சதவீதமே பாதி செயற்கையாக உண்டாக்கியது. சிகாகோ பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள். 2005 வாக்கில் பத்துப் பேர் விண்ணப்பித்தால் நான்கு பேருக்கு இடம். இப்போது நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்குத்தான். நடுவில் அங்கே படிப்பு எட்டு மடங்கு உயர்ந்துவிட்டதா? பல கல்லூரிகளுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்கும் 'பொது விண்ணப்ப' முறையில் சேர்ந்தார்கள், விளம்பரத் தபாலாக அனுப்பித் தள்ளினார்கள், 2018இல் எஸ்ஏடி என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வின் மதிப்பெண் கட்டாயமில்லை என்றார்கள். ஒரே படிவத்தை இருபது கல்லூரிக்கு அனுப்பலாம் என்றால் யார்தான் அனுப்பமாட்டார்கள்? விண்ணப்பம் குவியக் குவியச் சதவீதம் இறங்கும், சதவீதம் இறங்க இறங்க மவுசு ஏறும்.

பெயர் பெற்ற இடங்கள் முதலில் யாருக்காக இருந்தன என்பதையும் பார்: இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளியை ஆறாம் ஹென்றி 1440இல் தொடங்கியதே 70 ஏழைப் பையன்களுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுக்கத்தான். இப்போது அங்கே கட்டணம் என்ன என்று மட்டும் பார்த்துவிடாதே, ரத்த அழுத்தம் ஏறும். உனக்கு ஏற்கனவே இருக்கிறது. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்கு இடம் கொடுத்த இரண்டு கல்லூரிகளும் உதவித்தொகைக் கடிதம் அனுப்பியிருக்குமே, அவற்றை எனக்கு அனுப்பு. திருப்பித் தர வேண்டாத பணம் எவ்வளவு, கடன் எவ்வளவு, வளாகத்தில் வேலை பார்த்துச் சம்பாதிக்க வேண்டியது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சில இடங்களில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி 'உதவி' என்று காட்டிவிடுவார்கள். மே 1க்குள் பதில் சொல்லியாக வேண்டும், தள்ளிப்போடாதே. நித்யாவையும் ஒரு தடவை என்னிடம் பேசச் சொல். உன்னை வைத்துக்கொண்டு வேண்டாம், தனியாக.

அன்புடன்,
ரகு