வாகைக்குளத்தில் பத்து நிமிடம்

அன்புள்ள சுடலை,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்பதில் எனக்கும் உன் மதினிக்கும் ரொம்ப சந்தோஷம். போன வாரம் அவசரமாகச் சென்னை போக வேண்டியிருந்ததால் தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தில் விமானம் ஏறினேன். ஓடுபாதை முனைக்குப் போனபிறகு பத்து நிமிடம் அப்படியே நின்றுவிட்டது, பாதையில் பறவையாம். ஜன்னல் வழியே பார்த்தேன். புல்லில் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்த உண்ணிக்கொக்குகள் வேட்டுச் சத்தத்துக்கு மொத்தமாக எழும்பி, ஒரு வட்டம் அடித்துவிட்டு, திரும்ப அதே புல்லில் வந்து உட்கார்ந்தன. பக்கத்து சீட்டுக்காரர் சலித்துக்கொண்டார். எனக்கு அந்தப் பத்து நிமிடம் பெரிதாகவே தெரியவில்லை.

விமானம் மேலே கிளம்பும்போது பறவை மோதினால்தான் மக்கா ஆபத்து அதிகம். எஞ்சின் முழு வேகத்தில் இருக்கும், எரிபொருள் நிறைய இருக்கும், ஒரு வேகத்தைத் தாண்டிவிட்டால் பிரேக் போட்டு நிறுத்தப் பாதை பத்தாது, அடிபட்டாலும் பறந்துதான் ஆக வேண்டும். 2009 ஜனவரியில் நியூயார்க்கில் கிளம்பிய விமானத்தின் இரண்டு எஞ்சினிலும் வாத்துக் கூட்டம் மோதி, ஹட்சன் ஆற்றில் இறக்கினார்களே, அதில் 155 பேரும் பிழைத்தது விமானியின் கைத்திறன். 1960-இல் பாஸ்டனில் அப்படி இல்லை. மோதியது நம்ம மைனா ஜாதிச் சின்னப் பறவைகள்தான், ஆனால் கூட்டமாக வந்துவிட்டன, 62 பேர் போய்விட்டார்கள்.

பறவையைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பறவைகள் சரணாலயம் இருக்கிற கூந்தன்குளத்துக்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்கே வெடி போடாதவர்கள், இங்கே அதே பறவையை வேட்டுப் போட்டு விரட்ட வேண்டியிருக்கிறது. நாலுவழிச் சாலை ஓரத்தில் கோழிக்கழிவைச் சாக்குச் சாக்காகக் கொட்டினால் பருந்து வட்டமிடாமல் என்ன செய்யும்? விமான நிலையத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் இப்படிக் கொட்டக்கூடாது என்று 1937 விமான விதிகளிலேயே இருக்கிறது. இப்போது ஓடுபாதையையும் நீட்டிவிட்டார்கள், இனிப் பெரிய விமானமெல்லாம் வரும்.

அப்புறம் ஒன்று. உன் மச்சான் கறிக்கடை அந்தப் பக்கம்தானே? ராத்திரி கடை அடைத்தபிறகு கழிவு எங்கே போகிறது என்று நீயே ஒரு வார்த்தை கேள். நான் கேட்டால் சண்டையாகிவிடும், நீ சொன்னால் கேட்பார். கேட்டுவிட்டு எனக்குப் போன் போடு.

அன்புடன்,
முருகன்