திரும்பி வரும் தண்ணீரைப் பார்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். நான் நைட் ஷிஃப்டை விட்டு மூன்று மாதம் ஆகிறது. ராத்திரியில் தூங்க உடம்பு இப்போதுதான் பழகி வருகிறது.

சரி, உன் ஏசி பிளான்ட் விஷயத்துக்கு வருகிறேன். குளிர்ந்த தண்ணீரை மாடிகளுக்குத் தள்ளும் செகண்டரி பம்புகளை எடுத்துவிட்டு, பிரைமரி பம்புகளுக்கே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி டிரைவ் போட்டு, தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லருக்குள் போகும் தண்ணீரையே கூட்டிக் குறைக்கப் போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். நல்ல முடிவு. நாம் ஒன்றாக வேலை பார்த்த நாட்களில் லோடு, அதாவது குளிர்ச்சித் தேவை, இருந்தாலும் இல்லாவிட்டாலும் பம்ப் முழு வேகத்தில்தான் ஓடும். மிஞ்சிய பிரஷரை பேலன்சிங் வால்வைத் திருகி அடக்குவோம். அந்த வால்வு இரைகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அது முழுக்க வீணாய்ப் போன கரன்ட். வேகத்தை 80 சதவீதமாக இறக்கினால் தண்ணீரும் 80 சதவீதம் வரும், ஆனால் பவர் ஏறக்குறைய பாதியாகிவிடும். கடைசி முனையில் கொஞ்சம் பிரஷரைப் பிடித்து வைக்க வேண்டியிருப்பதால் காகிதத்தில் போட்ட கணக்கு முழுசாகக் கைக்கு வராது. வருகிற வரைக்குமே பெரிய லாபம்தான்.

ஆனால் ஒன்று. டிரைவை மாட்டியதும் வேகம் தானாக இறங்கிவிடாது. மேலே மாடிகளில் குளிர்ந்த காற்றை ஊதும் ஏஹெச்யூக்களில் வால்வுகள் மூடினால்தான் இறங்கும். அதனால் பிளான்ட் ரூமில் தொடங்காதே, கடைசி ஏஹெச்யூவிலிருந்து தொடங்கு. எங்கள் கட்டடத்தில் டிரைவ் போட்டு ஒரு மாதமாகியும் பம்ப் 90 சதவீதத்துக்குக் கீழே வரவில்லை. ஒரு நாள் ஒவ்வொரு மாடியாக ஏறி, தண்ணீர் திரும்பி வரும் ரிட்டர்ன் குழாயில் இன்சுலேஷன் விட்டிருந்த இடங்களில் கை வைத்துப் பார்த்தேன். ஒரு மாடியில் ரிட்டர்னும் சப்ளை அளவுக்கே சில்லென்று இருந்தது, வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. பார்த்தால் பழைய த்ரீ வே வால்வு. காற்றைக் குளிர வைக்கும் காயிலுக்குத் தேவைப்படாத தண்ணீரை அப்படியே ரிட்டர்னில் தள்ளிக்கொண்டிருந்தது. அப்படி ஏழு வால்வுகள் இருந்தன. எல்லாவற்றையும் டூ வே ஆக்கி, தேவையில்லாத தண்ணீரை அடைத்த பிறகுதான் பம்ப் மூச்சு விட்டது.

சப்ளைக்கும் ரிட்டர்னுக்கும் இடையே எத்தனை டிகிரி வித்தியாசம் என்கிற இந்த டெல்டா டி விஷயத்தை உன் மேலதிகாரிகளிடம் அழுத்திச் சொல். 500 டன் சில்லர் என்றால் அதன் குளிர்விக்கும் திறன் 1758 கிலோவாட். தண்ணீர் 5.5 டிகிரி சூடேறித் திரும்பினால் நொடிக்கு 76 லிட்டர் போதும். 3 டிகிரிதான் ஏறுகிறது என்றால் அதே குளிர்ச்சிக்கு 140 லிட்டர் ஓட வேண்டும். பம்புக்கு மட்டும் நஷ்டம் என்றில்லை. ஒரு சில்லர் அவ்வளவு தண்ணீரை வாங்காது, கூடுதல் லோடே இல்லாமல் இரண்டாவது சில்லரைப் போட வேண்டி வரும். அழுக்கேறிய காயில், சரியாக மூடாத வால்வு, தேவைக்கு மேல் குறைத்து வைத்த டெம்பரேச்சர் செட் பாயின்ட் எல்லாமே இதில்தான் கொண்டுபோய் விடும். பம்ப் வேகத்தை முடிவு செய்யும் பிரஷர் சென்சாரையும் பம்புக்குப் பக்கத்தில் வைக்க விடாதே. தூரத்து ஏஹெச்யூ பக்கம் வைத்தால்தான் வேகம் நன்றாக இறங்கும்.

அடுத்தது, இரண்டாவது சில்லரைப் போடும் நேரம். இதில் நான் அடிபட்டிருக்கிறேன். ஒரு மதியம் லோடு ஏறியது, இரண்டாவது சில்லருக்கு ஸ்டார்ட் கொடுத்தேன். அதன் வால்வு பதினைந்தே நொடியில் முழுசாகத் திறந்துவிட்டது. ஓடிக்கொண்டிருந்த சில்லரின் தண்ணீரில் பாதி அந்தப் பக்கம் போய்விட்டது. 12 டிகிரியில் உள்ளே வந்து 7 டிகிரியில் வெளியே போகிற தண்ணீர், அளவு திடீரென்று பாதியானால் 2 டிகிரிக்கு இறங்கப் பார்க்கும். கம்ப்ரஸர் சுதாரித்து இறங்குவதற்குள் லோ டெம்பரேச்சர் டிரிப், தண்ணீர் உறைந்துவிடாதபடி சில்லர் தானாகவே நின்றுவிட்டது. புது சில்லர் இன்னும் லோடு எடுக்கவில்லை, பழையது நின்றுவிட்டது. அந்த இருபது நிமிடமும் போன் அடித்துக்கொண்டே இருந்தது. இப்போது அந்த வால்வு திறக்க மூன்று நிமிடம் எடுக்கிறது, அதற்கு முன்பே ஓடுகிற சில்லரின் லோடைக் கொஞ்சம் இறக்கிவிடுகிறோம். வெளியே போகும் தண்ணீர் ஒரு டிகிரிகூட ஆடுவதில்லை.

அப்புறம் மினிமம் ஃப்ளோ, சில்லருக்குள் ஓடியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தண்ணீர். தண்ணீர் ரொம்ப மெதுவாகப் போனால் சில்லருக்குள் தண்ணீர் குளிரும் இவாப்பரேட்டர் ட்யூபில் வெப்பம் சரியாக மாறாது, உறைந்துபோகிற பயமும் உண்டு. சில்லர் செய்தவர்கள் கொடுத்த அளவை எழுதி வாங்கி பேனலிலேயே ஒட்டிவை. அதற்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளத்தான், சப்ளைத் தண்ணீரை நேரே ரிட்டர்னுக்கு விடும் பைபாஸ் வால்வு. அது மூடியிருக்கும்போது உண்மையிலேயே மூடியிருக்கிறதா என்று அடிக்கடி பார். கசிந்தால் குளிர்ந்த தண்ணீர் ரிட்டர்னில் கலந்து, மேலே பாடுபட்டுத் தேடிய டிகிரியெல்லாம் கீழே தொலைந்துவிடும். ஃப்ளோ மீட்டர் வாங்குவதில் மட்டும் சிக்கனம் பார்க்க விடாதே. மீட்டர் தப்புக் காட்டினால் கன்ட்ரோல் முழுக்கவே தப்பாகிவிடும்.

வேலை தொடங்குவதற்கு முன் ஒரு வாரம் மணிக்கொரு முறை சப்ளை, ரிட்டர்ன் ரீடிங் எடுத்து எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்து எழுதுகிறேன். மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்.

என்றும் உன்,
பழைய ஷிஃப்ட் தோழன்